மூன்று கோட் சிவப்பு

ஜூன் 2

காலைச் சர்க்கரை 171.

என் கணவர் காஸ்பரின் சர்க்கரை அளவைக் குறித்துவைக்கச் சொல்லி டாக்டர் வாங்கவைத்த நோட்டு இது. டிசம்பரிலிருந்து இதில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. இனி போட்டைப் பற்றியும் இதிலேயே எழுதப்போகிறேன். வீட்டில் அதைப் பற்றிப் பேச முடிவதில்லை.

நேற்று எங்கள் விசைப்படகு ‘மரிய ஜெனோவா’ யார்டிலிருந்து தண்ணீரில் இறங்கியது. முப்பத்தெட்டு நாள் கரையில் நின்றது. இரண்டு பலகை மாற்றினோம். மேலே நீலமும் வெள்ளையும். அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத சிவப்பு பெயிண்ட் மூன்று கோட். பெயிண்டர் வெள்ளைப்பாண்டி படுத்துக்கொண்டு அடித்தான், நான் குனிந்து குனிந்து சரிபார்த்தேன். ஒரு விரல் இடம்கூட விட்டுப்போகவில்லை.

டிசம்பரில் காஸ்பருக்கு இடது காலை முட்டிக்குக் கீழே வெட்டி எடுத்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, “போட்ட வித்துரு அமலி” என்றார். அதன் பிறகு போட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் ஒருநாள் சொன்னேன். “தடைக்காலம் முடிஞ்சு மொத நாளு, ஜூன் பதினஞ்சு காலைல, போட்டு கடலுக்குப் போகும். போகலைன்னா வித்துருங்க.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார். தருவைக்குளத்துக்காரர் ஒருவர் பதினாறாம் தேதி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் முதல் பாடத்தை வேறு யாராவது நடத்தட்டும்.

ஜூன் 3

சர்க்கரை 165.

சாப்பிடும்போது காஸ்பராகவே கேட்டார். “என்ன கலர் அடிச்ச?”

“நீலம், வெள்ளை. போன வருசம் மாதிரியே.”

“அடியில?”

“எல்லாம் நல்லா அடிச்சாச்சு. நீங்க சாப்பிடுங்க.”

அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார். நான் ரசம் எடுக்க எழுந்துவிட்டேன். நோயாளியைக் கவலைப்படுத்தக் கூடாது.

ஜூன் 5

சர்க்கரை 180. என்ஜின் சூடு 96.

படகுத் துறை ஜெட்டியில் கட்டிப்போட்டபடியே என்ஜினை ஓட்டிப் பார்த்தோம். டிரைவர் சிலுவை அண்ணன், ஆட்கள் ஐந்து பேர், மெக்கானிக் கனிராஜ், நான். எப்போதும் எண்பதுக்குக் கீழே நிற்க வேண்டிய ஊசி இருபதாவது நிமிடம் சிவப்பைத் தொட்டது. சிலுவை அண்ணன் உடனே அணைத்தார். என்ஜின் அறையிலிருந்து ஆவி வந்தது.

“பைப்புல காத்து அடைச்சிருக்கும் அக்கா. தண்ணி ஊத்தும்போது காத்த எடுத்து விடணும். டிரைவரு பாக்கலையோ என்னமோ” என்றான் கனிராஜ்.

“எடுத்துதான் விட்டேன். நேத்து மொளச்சவன் எனக்குச் சொல்லித் தாரியால?” என்றார் சிலுவை அண்ணன்.

அப்போது நான் பேசினேன். “தண்ணி ஊத்துறதுலகூடக் கவனம் இல்லன்னா எப்படிண்ணே? அவரு வரமாட்டாருன்னதும் எப்படி வேணாலும் பண்ணலாம்னு நினைச்சுட்டீங்களா?”

ஐந்து பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். என்ஜின் மூடிமேல் வைத்தார். ஜெட்டியில் ஏறிப் போய்விட்டார்.

இவ்வளவு கோபம் ஆகாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியதுதானே.

ஜூன் 6

சர்க்கரை 176. என்ஜின் 95.

கனிராஜ் காற்றை எடுத்தான். முக்கால் மணி நேரம் பொறுமையாக எடுத்தான். மறுபடி ஓட்டினோம். இருபத்திரண்டு நிமிடத்தில் சிவப்பு.

“அப்போ தெர்மோஸ்டாட்டுதான்” என்று அதைக் கழற்றிக் கொடுத்தான். சூடு ஏறினால் தானே திறந்து தண்ணீரைக் குளிர்விக்க அனுப்பும் சின்ன வால்வு. வீட்டுக்கு எடுத்துவந்தேன். பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பள்ளி ஆய்வகத்துத் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுபத்தாறு டிகிரியில் அழகாகத் திறந்தது. அதில் குறை இல்லை.

திரும்பினால் காஸ்பர் ஊன்றுகோலோடு அடுப்படி வாசலில் நிற்கிறார். சட்டிக்குள் பார்த்தார்.

“என்னது அது?” என்று கேட்கவில்லை. அது என்னவென்று என்னைவிட அவருக்குத் தெரியும். “இனிமே அதுல பால் காய்ச்சாத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதுச் சட்டி வாங்க வேண்டும்.

ஜூன் 7, ஞாயிறு

சர்க்கரை 158.

பூசைக்குப் போனேன். சிலுவை அண்ணன் வலது பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லோரும் திரும்பிக் கைகூப்பினார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நல்ல விஷயம். காஸ்பர் நேற்று மதியம் முகம் மழித்திருக்கிறார். ஒரு மாதமாகத் தாடியோடு கிடந்தார். தானே உட்கார்ந்து மழித்துக்கொள்ளும் அளவுக்கு மனம் தெளிந்திருக்கிறது. கழுவும் தொட்டியில் இரண்டு டீ டம்ளர் கிடந்தன. அவர் இரண்டு முறை டீ குடிக்கக் கூடாது. சொல்ல வேண்டும்.

ஜூன் 8

சர்க்கரை 162. என்ஜின் 96.

பம்ப். காலையிலிருந்து மதியம் மூன்று மணி வரை பம்ப் மட்டும்.

எங்கள் போட்டில் கடல்நீர் என்ஜினுக்குள் போவதில்லை. என்ஜினுக்குள் நல்ல தண்ணீர்தான் சுற்றுகிறது. அது சூடாகி வெளியே வந்து, போட்டின் அடியில், கடல்நீருக்குள் இரண்டு பக்கமும் ஓடும் செம்புக் குழாய்கள் வழியாகப் போய், குளிர்ந்து திரும்ப வரும். அதைச் சுற்றவைப்பது பம்ப். கனிராஜ் அதைப் பிரித்தான். உள்ளே சுழலும் இறக்கைகள் முழுதாக இருந்தன. பெல்ட் இறுக்கம். திரும்பி வரும் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்தோம். பதினெட்டு லிட்டர் வாளி, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பதினொரு நொடியில் நிரம்பியது. அதுவும் குறையில்லை.

கனிராஜ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? கட்டிப்போட்டு ஓட்டுனா எந்தப் போட்டும் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். கடல்ல போவும்போது தண்ணி அடில ஓடும்லா, தன்னால ஆறிரும்.”

“இருபது நிமிசத்துல சிவப்புக்குப் போகுமா?”

“அது போவாதுதான்.”

“அப்போ நடுக்கடல்ல வச்சு நின்னுச்சுன்னா?”

அவன் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தான்.

ஆட்களில் இரண்டு பேர் வேறு போட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் போகாத போட்டில் யார் இருப்பார்கள். ஆறு நாள் மிச்சம்.

ஜூன் 9

சர்க்கரை 160.

இன்று ஊகம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் செய்தேன். அளந்து பார்.

தெர்மோஸ்டாட்டை இன்னும் மாட்டாததால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் அடிக்குப் போய்வரும். இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றை என்ஜினிலிருந்து வெளியே போகும் குழாயோடும் மற்றதை அடியிலிருந்து திரும்பி வரும் குழாயோடும் பஞ்சு வைத்துத் துணியால் கட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன்.

5: போவது 58, வருவது 55
10: போவது 74, வருவது 71
15: போவது 86, வருவது 82
20: போவது 95, வருவது 92. அணைத்தோம்.

மூன்று, நான்கு டிகிரிதான் குறைகிறது. பத்து டிகிரியாவது குறைய வேண்டும். தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது. கடலுக்குள் போய்விட்டுத்தான் வருகிறது. ஆனால் சூட்டைக் கடலிடம் கொடுக்காமல் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறது.

“உள்ள அழுக்குப் படிஞ்சிருக்கும்” என்றான் கனிராஜ். சாயங்காலம்வரை குழாய்க்குள் மருந்து ஊற்றிக் கழுவினோம். வெளியே வந்த தண்ணீர் குடிக்கலாம் போலச் சுத்தமாக இருந்தது.

உள்ளே இல்லை என்றால் வேறு எங்கே.

வீட்டுக்கு வந்தால் காஸ்பர் மறுபடியும் மழமழவென்று இருக்கிறார். காதோரம்கூட அளவாக வெட்டியிருக்கிறது. “ரொம்ப அழகா இருக்கீங்க” என்றேன். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 10

சர்க்கரை 169.

யார்டுக்குப் போனேன். சும்மாதான். வெள்ளைப்பாண்டி வேறொரு போட்டின் அடியில் மல்லாந்து கிடந்தான். கையில் பெயிண்ட் இல்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் செம்புக் குழாய்களில் சுற்றி, நூலால் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, போட்டு எப்படி ஓடுது?” என்றான்.

“நல்லா ஓடுது.”

துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெயிலில் தலை வலித்தது. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

காரணம் இன்னும் தெரியவில்லை.

ஜூன் 11

சர்க்கரை பார்க்க மறந்துவிட்டேன்.

நேற்றைய கடைசி வரி பொய். இந்த நோட்டை நான் மட்டும்தான் படிப்பேன். அப்படியிருந்தும் பொய் எழுதியிருக்கிறேன்.

மே மாதம், முதல் கோட் அடிக்கும்போது வெள்ளைப்பாண்டி அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டான். “அக்கா, பைப்ப விட்டுரவா?”

“ஏன் விடணும்? அதுல மட்டும் பாசி பிடிக்காதா?”

“காஸ்பரண்ணன் துணி சுத்திருவாவ.”

“இப்போ நான்தானே பாத்துக்கிறேன்?”

“சரிக்கா” என்று மறுபடி உள்ளே போனான். முதலாளி சொன்னால் சொன்னதுதான், அவன் எதிர்த்துப் பேசும் ஆள் இல்லை. செம்புக் குழாய்க்கும் சேர்த்து அடித்தான். மூன்று கோட். ஒரு விரல் இடம் விடாமல்.

நான் வெப்பக் கடத்தல் பாடம் நடத்துகிறவள். செம்பு ஏன் சூட்டை விடும், பெயிண்ட் ஏன் விடாது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள். கொதிக்கும் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துவதுபோல் என் கையாலேயே போர்த்திவிட்டு, ஆறவில்லையே என்று ஒரு மனிதரை ஐந்து பேர் முன்னால் கேட்டிருக்கிறேன்.

யார்டில் விசாரித்தேன். மறுபடி கரையேற்ற இருபதாம் தேதிக்கு முன்னால் இடம் இல்லை.

சாயங்காலம் காஸ்பரின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மோஸ்டாட், பம்ப், வாளி, எண்கள், பெயிண்ட். சிலுவை அண்ணனைக் கடைசியில் சொன்னேன்.

அவர் பெயிண்டைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். டிசம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு.

“மூணு கோட்டா?”

“மூணு.”

“நல்ல பெயிண்டா?”

“இருக்கதுலயே நல்ல பெயிண்டு.”

“அதான் நான் கேட்டேன்லா, அடியில என்ன அடிச்சன்னு. ரசம் எடுக்கப் போயிட்ட.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? காலத்தான எடுத்தாவ?”

உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றுதான், என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அவரில்லாமலே செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

“யார்டு வேண்டாம்” என்றார். “தண்ணிக்குள்ள வச்சே சொரண்டிரலாம். சிலுவையக் கூப்பிடு. பதினஞ்சு வருசம் சங்கு குளிச்சவன். போட்டுக்கு அடியில மூச்சடக்குறது அவனுக்கு ஒரு விசயமே இல்ல.”

“அவரத்தான் நான் அனுப்பிட்டேனே.”

“நீ அனுப்புனது எனக்குத் தெரியாது. லீவு போட்டுருக்கேன்னுதான் சொன்னான்.”

“எப்போ சொன்னாரு?”

காஸ்பர் தாடையைத் தடவிக் காட்டினார். “பின்ன இத யாரு செரச்சான்னு நெனச்ச?”

இரண்டு டீ டம்ளர்.

ஜூன் 12

சர்க்கரை 155.

காலை ஏழு மணிக்கே சிலுவை அண்ணன் வீட்டுக்குப் போனேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. பெயிண்ட் விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்டுல வந்து சொல்லுதீய, டீச்சரம்மா. சந்தோசம். ஆனா எங்க வச்சுச் சொன்னீய?”

“ஜெட்டியில.”

“எத்தன பேரு நின்னாவ?”

“அஞ்சு பேரு. கனிராஜோட ஆறு.”

“ம்” என்றார். வேறு போட்டுக்காரர் அவரைப் பதினைந்தாம் தேதிக்கு டிரைவராகக் கூப்பிட்டிருப்பதை அவர் மனைவி வாசல்வரை வந்து சொன்னார். “இன்னும் வாக்குக் குடுக்கல” என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரவில்லை. நேரே ஜெட்டிக்குப் போய், ஐந்து பேருக்கும் கனிராஜுக்கும் ஃபோன் போட்டேன். நாளைக் காலை எட்டு மணி. எல்லோரும் வர வேண்டும்.

ஜூன் 13

சர்க்கரை 151.

எல்லோரும் வந்தார்கள். சேதி கேட்டுச் சிலுவை அண்ணனும் வந்து பனிக்கட்டிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தள்ளி நின்றார். அடுத்த போட்டுகளிலிருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

வகுப்பில் பேசும் குரலில் பேசினேன். வேறு குரல் எனக்கு வராது. “அண்ணன் காத்த ஒழுங்காத்தான் எடுத்தாரு. என்ஜின் சூடானதுக்கு நான்தான் காரணம். வெள்ளைப்பாண்டி விட்டுரவான்னு கேட்டும் விடாம, கூலிங் பைப்புக்கு மூணு கோட் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். அது தெரியாம அண்ணன உங்க முன்னால பேசிட்டேன். தப்பு. மன்னிச்சுக்கோங்கண்ணே.”

பிறகு அடுத்த போட்டிலிருந்து ஒருவன், “பைப்புக்குப் பூப் போடலையா டீச்சர்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நின்று கேட்டுக்கொண்டேன். சிலுவை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்து, “ஏல, வாய மூடிட்டு உன் கயித்தப் பாரு” என்றார். சட்டையைக் கழற்றினார்.

“பைப்பச் சொரண்டித் தாரேன். காஸ்பருக்காவ. ஓட்டுறதப் பத்தி இப்பப் பேச வேண்டாம்.”

கையில் தட்டையான தகடும் கம்பி பிரஷும். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை கனிராஜ் கையில். டீசல் மிதக்கும் அந்த ஜெட்டித் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கினார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது நொடி. மேலே வந்தார், மூச்சு விட்டார், போனார். நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. பிறகு கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை.

போட்டைச் சுற்றிச் சிவப்புத் துகள்கள் மிதந்து வந்தன. நான் தேர்ந்தெடுத்த சிவப்பு.

பதினொரு மணிக்கு ஆட்களில் ஒருவர், பிறகு இன்னொருவர் இறங்கிக் கைமாற்றினார்கள். இரண்டரை மணிக்குச் சிலுவை அண்ணன் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்தார். விரல் மூட்டெல்லாம் கிழிந்திருந்தது. மஞ்சளும் மருந்தும் வைத்துக் கட்டினேன். கட்டவிட்டார்.

“வலப்பக்கம் செம்பு பளபளன்னு இருக்கு. இடப்பக்கம் பாதி. நாளைக்கு முடிச்சிரலாம்.”

“ரொம்ப மோசமா அடிச்சிருந்தனா?”

“நல்லா அடிச்சிருக்கீய” என்றார். “அதான் வர மாட்டேங்கு.”

ஜூன் 14

சர்க்கரை 149.

மதியம் ஒரு மணிக்குச் சுரண்டி முடித்தார்கள். இரண்டு மணிக்கு என்ஜின். இரண்டு தெர்மாமீட்டரையும் கட்டினேன்.

20 நிமிடம்: போவது 78, வருவது 67.
40 நிமிடம்: 79, 67.
ஒரு மணி நேரம்: 79, 68.

நான் எண்ணைச் சொல்வதற்கு முன்பே சிலுவை அண்ணன் கட்டுப் போட்ட கையைத் திரும்பும் குழாயில் வைத்து, “ஆறிட்டு” என்றார். கனிராஜ் என் நோட்டை எட்டிப் பார்த்து, “பதினொரு டிகிரி அக்கா!” என்று கத்தினான்.

சாவி ஒன்பது நாளாக என் கைப்பையில் இருந்தது. எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்ஜின் மூடியைக் காட்டினார்.

“எங்க வச்சேனோ அங்கயே வைங்க.”

வைத்தேன். அவர் அதை எடுத்து இடுப்புக் கயிற்றில் முடிந்தார். ஆட்களைப் பார்த்து, “ஐஸ் ஏத்தலையால இன்னும்? நாளைக்கு என்ன கருவாடா கொண்டாரப் போறோம்?” என்று சத்தம் போட்டார். ஐந்து பேரும் ஓடினார்கள்.

ஜூன் 15

காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்தார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு போட்டாக வந்தார். எங்கள் போட்டு வரிசையில் பத்தொன்பதாவது. கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஒரு ஆட்டோ மீன் ஏலக்கூடம்வரை வந்து நின்றது. சிலுவை அண்ணனின் மனைவி முதலில் இறங்கினார். பிறகு இரண்டு ஊன்றுகோல். பிறகு காஸ்பர்.

டிசம்பருக்குப் பிறகு அவர் தெருவுக்கே வந்ததில்லை. நான் ஓடினேன். கையைப் பிடிக்கப் போனேன், தலையாட்டி மறுத்துவிட்டார். ஜெட்டியின் ஓரம்வரை தானே நடந்தார். மேலே நீலம், வெள்ளை எதையும் அவர் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டார்.

“என்னல மாப்ள, எப்படி இருக்கு?” என்று போட்டிலிருந்து கத்தினார் சிலுவை அண்ணன்.

“ஒழுங்கா ஓட்டு. அடியில பெயிண்டு உரிஞ்சிராம” என்று கத்தினார் காஸ்பர்.

போட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்களுடையது முயல் தீவைத் தாண்டும்வரை நின்றோம். ஆறு நாற்பதுக்கு ஃபோன். இரைச்சலுக்கு நடுவே சிலுவை அண்ணன் குரல். “டீச்சரம்மா, ஊசி எழுபத்தஞ்சுல நிக்கு. ஒரு மணி நேரமா அசையல. எழுதிக்கிடுங்க.”

எழுதிக்கொண்டேன். 75.

வீட்டுக்கு வந்ததும் காஸ்பர் என் ஃபோனைக் கேட்டார். தருவைக்குளத்துக்காரரின் எண்ணை அழுத்தினார். “நாளைக்கு வர வேண்டாம். போட்டு கடலுக்குப் போயிருக்கு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு இந்த நோட்டைக் கேட்டார். எல்லாவற்றையும் படிப்பாரோ என்று தயங்கினேன். கொடுத்தேன். அவர் எந்தப் பக்கத்தையும் புரட்டவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதினார்:

அடுத்த மே. பைப்புக்குத் துணி. நான் சுத்துதேன்.

சர்க்கரை இன்னும் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.